இருந்தும் தெரியாதவை: கணிப்பொறித் திரையின் வரலாறு

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிய பழமொழி நாம் அனைவரும் அறிந்ததே. கேட்டவுடன் அலைந்தவனின் பேதைமையை எண்ணிச் சிரிக்கிறோம். ஆனால் அவன் கையில் இருந்தது மூடியிட்ட பாத்திரமாக இருந்து, அதனுள்ளே வெண்ணெய் உண்டு என்பதை எவரும் அவனுக்குச் சொல்லாது விட்டிருந்தால், பிழை அவனுடையதா, பாத்திரத்தைச் செய்தவனுடையதா? மேசைக் கணிப்பொறியின் ஐம்பதாண்டு வரலாற்றை ஊன்றி நோக்கினால், அதில் ஒரு பெரும்பகுதி இந்த வினாவுக்கு விடை காணும் முயற்சியாகவே அமைந்திருப்பது புலனாகும்.

தட்டச்சுப் பொறியும் கணிப்பொறியும்

தலைநகருக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வேலை தேடி வந்த தமிழர்களில் ஒரு தலைமுறையினருக்குத் தட்டச்சுத் தேர்ச்சியே கைப்பொருளாக இருந்தது. "ஹையர் பாஸ்" என்னும் சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறியவர்கள் நம் குடும்பங்கள்தோறும் உண்டு. அவர்கள் பழகிய பொறியில் ஒளிவு மறைவு இல்லை. எழுத்து விசைகள், ஓரத்தை நிறுத்தும் தடைகள், கறுப்பும் சிவப்பும் மாற்றும் சிறு நெம்புகோல், மணியோசை ஆகிய யாவும் கண்ணுக்கும் செவிக்கும் எதிரே இருந்தன. ஒரு திங்கள் பழகியவருக்கும் இருபதாண்டு பழகியவருக்கும் இடையே இருந்த வேறுபாடு விரல்களின் வேகத்தைப் பொறுத்தது. பொறி எதையெல்லாம் செய்யவல்லது என்பதை இருவருமே அறிந்திருந்தனர்.

கணிப்பொறியின் இயல்பு வேறு. அதன் ஆற்றல்களில் மிகப் பெரும்பாலானவை திரைக்குப் பின்னே இருக்கின்றன. 2006ஆம் ஆண்டில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிட விழைகிறேன். எங்கள் பிரிவில் கும்பகோணத்தைச் சேர்ந்த மூத்த சுருக்கெழுத்தர் ஒருவர் இருந்தார். பிழையின்றித் தட்டச்சுச் செய்வதில் அவருக்கு நிகர் அவரே. ஆண்டறிக்கை ஒன்றினைக் கணிப்பொறியில் உருவாக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேலதிகாரிகள் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லும்போதெல்லாம் பின்வரும் பக்கங்களின் எண்கள் யாவும் மாறிவிடும். அவரோ பொருளடக்கத்தின் எண்களை ஒவ்வொன்றாக அழித்துத் திருத்துவார். மூன்று இரவுகள் அலுவலகத்திலேயே கழிந்தன. நான்காம் நாள், ஒப்பந்த அடிப்படையில் வந்திருந்த ஓர் இளைஞர் தலைப்புகளை அடையாளப்படுத்திவிட்டு ஒரு கட்டளையைச் சொடுக்கினார். பொருளடக்கம் முழுவதும் தானே அமைந்தது. பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இது இத்தனை நாளும் இதற்குள்ளேதான் இருந்ததா?" என்று கேட்டார். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவரைத் தைத்தது என்பதை அவர் முகமே காட்டிற்று. அது முதல் கணிப்பொறி வேலை என்றாலே "அந்தப் பையனிடம் கொடுங்கள்" என்று ஒதுங்கத் தொடங்கினார்.

சிரிக்கப்பட வேண்டியவர் அவர்தானா என்னும் ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

நினைவே துணையாக இருந்த காலம்

தொடக்ககாலக் கணிப்பொறிகளில் கட்டளையை எழுத்துப் பிசகாமல் தட்டச்சுச் செய்தாக வேண்டும். அறிந்தவருக்கு அது விரைவான வழி. அறியாதவருக்கோ, கறுத்த திரையில் மின்னும் ஒரு சிறு கோடு மட்டுமே துணை. என்ன செய்யலாம் என்பதைத் திரை சொல்லாது.

இந்நிலையைத் தணிக்க முற்பட்டவற்றுள் 1978இல் மைக்ரோபுரோ நிறுவனத்தார் வெளியிட்ட வேர்டுஸ்டார் என்னும் சொற்செயலி சிறப்பாகக் குறிக்கத்தக்கது. ராப் பார்னபி என்பவர் எழுதிய நிரல் அது. இந்திய அலுவலகங்களிலும் ஒரு காலத்தில் பெரிதும் புழங்கியது. அதில் ஒரு நுட்பம் இருந்தது. கன்ட்ரோல் விசையுடன் கே என்னும் எழுத்தை அழுத்தி உடனே அடுத்த எழுத்தையும் அழுத்தினால், கட்டளை வாய்பேசாது நிறைவேறும். அடுத்த எழுத்து நினைவுக்கு வராமல் தயங்கினாலோ, சற்று நேரத்தில் அந்த வரிசையில் உள்ள கட்டளைகளின் பட்டியல் திரையில் விரியும். தயக்கத்தையே கேள்வியாகக் கொண்டு விடை தந்த பண்பு அது. மேலும், திரையில் எவ்வளவு உதவி தோன்ற வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரே படிநிலையாக அமைத்துக்கொள்ளலாம். தேர்ச்சி பெறப் பெற உதவியைக் குறைத்து, எழுதும் இடத்தைப் பெருக்கிக்கொள்ள முடிந்தது.

1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கேட்டு மென்பொருள் மற்றொரு வழியைக் கண்டது. சாய்கோட்டு விசையை அழுத்தினால் மேல்வரியில் கட்டளைகள் தோன்றும். எக்கட்டளை மேல் ஒளி நிற்கிறதோ, அதன் விளக்கம் கீழ்வரியில் தோன்றும். புதியவர் ஒவ்வொன்றாக நகர்த்திப் படித்தறியலாம். பழகியவர் முதலெழுத்துகளை மட்டும் தட்டி விரைந்து செல்லலாம். கற்பவரும் கற்றவரும் ஒரே பாதையில் நடந்தமையால், முன்னவர் பின்னவராக மாறுவது எளிதாயிற்று.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றது வேர்டுபெர்ஃபெக்ட். அதன் திரை வெள்ளைத்தாள் போலத் துப்புரவாக இருக்கும். கட்டளைகளோ மேல்வரிசைச் செயல்விசைகளில் ஒளிந்திருந்தன. எது எங்கே என்பதை நினைவூட்ட, விசைப்பலகையின் மேல் பொருத்துவதற்கென ஓர் அச்சட்டை தரப்பட்டது. கன்ட்ரோல் விசையுடன் சேர்வன சிவப்பிலும், ஷிஃப்ட் விசையுடன் சேர்வன பச்சையிலும், ஆல்ட் விசையுடன் சேர்வன நீலத்திலும், தனியே இயங்குவன கறுப்பிலும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. அந்த அட்டை தொலைந்தால் மென்பொருளில் பாதி தொலைந்ததற்கு ஒப்பாகும். 1989இல் வந்த அதன் 5.1 பதிப்பில் இழுபட்டியல்கள் சேர்க்கப்பட்டமை, நினைவை மட்டும் நம்பிய காலம் முடிவடைந்ததற்கு ஓர் அடையாளம்.

கட்டளைகள் கண்ணுக்குத் தெரிந்தன

இம்மாற்றத்திற்கான விதை முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1970இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனம் ஓர் ஆய்வகத்தை நிறுவியது. அங்கு 1973இல் உருவான ஆல்டோ என்னும் பொறியில் சாளரங்களும் சுட்டெலியும் ஒன்றுசேர்ந்தன. 1981இல் ஜெராக்ஸ் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்டார் பொறியில் நகர்த்து, படியெடு, நீக்கு என்பன போன்ற சில பொதுக் கட்டளைகளுக்குத் தனி விசைகளே இருந்தன. எழுத்தாயினும் படமாயினும் கோப்பாயினும் அதே விசை அதே வேலையைச் செய்யும். கட்டளைகளைக் குறைத்து அவற்றின் பயனை விரிப்பதும் ஆற்றலை எளிதில் அறியச் செய்யும் ஒரு வழி என்பதை ஸ்டார் காட்டிற்று.

ஆப்பிள் நிறுவனத்தார் 1983 ஜனவரியில் லிசாவையும், 1984 ஜனவரியில் மக்கின்டோஷையும் வெளியிட்டனர். திரையின் உச்சியில் நிலையாக ஒரு வரி. அதில் சில தலைப்புகள். தலைப்பை அழுத்தினால் கீழே விரியும் கட்டளைகள். இன்று நாம் "மெனு" என்று வழங்கும் அமைப்பு இவ்வாறு பொதுமக்கள் கைக்கு வந்தது. இதில் பொதிந்த நுட்பங்கள் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் தகும். அவ்வேளையில் பயன்படாத கட்டளை மறைக்கப்படாமல் மங்கலாகக் காட்டப்பட்டது. "இப்படி ஒன்று உண்டு, இப்போது இயலாது" என்று அது சொல்லாமற் சொல்லிற்று. கட்டளையின் வலப்புறத்தில் அதற்குரிய விசைச் சுருக்கம் அச்சிடப்பட்டது. நாள்தோறும் சுட்டெலியால் தேர்ந்தெடுப்பவர், பாடம் படிக்காமலே அச்சுருக்கத்தைக் கண்டு கண்டு கைவரப்பெற்றார். கட்டளைப் பெயரின் பின் மூன்று புள்ளிகள் நின்றால், அழுத்தியதும் வேலை நடந்துவிடாது, மேலும் விவரம் கேட்கப்படும் என்பது பொருள். அஞ்சாமல் தொட்டுப் பார்க்கலாம் என்னும் உறுதிமொழி அது. செய்ததை மீட்கும் கட்டளையும் உடன் இருந்தமையால், தெரியாத ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் துணிவு பிறந்தது. அச்சம் உள்ளவரை ஆராய்ச்சி இல்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

பெருகிய பொத்தான்கள்

மென்பொருள்கள் வளர்ந்தன. பட்டியல்கள் நீண்டன. ஒரு பட்டியலுக்குள் மற்றொரு பட்டியல், அதனுள் உரையாடற் பெட்டி, பெட்டிக்குள் பல தாள்கள் என அடுக்கடுக்காகப் பெருகின. 1990களில் கருவிப்பட்டைகள் பரவின. படச்சின்னம் தாங்கிய சிறு பொத்தான்கள் திரையின் மேற்புறத்தை நிறைத்தன. கத்தரிக்கோலும் அச்சுப்பொறியும் எவருக்கும் விளங்கும். ஆயினும் "கடிதங்களை முகவரிகளுடன் இணைத்தல்" என்பதை விரல்நகம் அளவுள்ள சின்னத்தில் எவ்வாறு வரைவது? இக்குறையைப் போக்க, சுட்டியை வைத்தால் பெயர் சொல்லும் குறிப்புகள் தோன்றின. 1991இல் ஆப்பிள், சுட்டிய பொருளின் விளக்கத்தைப் பலூன் வடிவில் காட்டும் உதவியை அளித்தது. ஆனால் சுட்டி சென்ற இடமெல்லாம் பலூன்கள் எழுந்து வேலையை மறைத்தன. 1993இல் மைக்ரோசாப்டின் வேர்டு 6, திறக்கும்போதெல்லாம் "இன்றைய குறிப்பு" ஒன்றைக் காட்டியது. அவசரக் கடிதம் எழுத அமர்ந்தவர் அதனைப் படியாமலே மூடினார்.

மூடியவரைச் சோம்பேறி என்று தள்ளிவிட இயலாது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வறிஞர் ஜான் காரல், மேரி பெத் ராசன் என்பவருடன் இணைந்து 1987இல் எழுதிய கட்டுரையில் இதனை ஒரு முரணாக விளக்கினார். மக்கள் கணிப்பொறியிடம் வருவது வேலையை முடிப்பதற்கே; ஆதலால் கற்பதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. தெரிந்த ஒரு வழி கிடைத்துவிட்டால், அது சுற்றுவழியாயினும் அதையே பற்றிக்கொள்கின்றனர். எங்கள் பெரியவர் மூன்று இரவுகள் விழித்ததும் இதனாலேயே. அவரிடம் இருந்த வழி கடினமாயினும், அது நிச்சயம் முடிவுக்குக் கொண்டுசேர்க்கும் வழி. காரல் 1984இல் கரோலின் காரிதர்சுடன் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, குழந்தையின் மிதிவண்டிக்குப் பக்கச் சக்கரங்கள் பூட்டுவது போல, சொற்செயலியின் சிக்கலான செயல்களைத் தொடக்கத்தில் பூட்டிவைத்துப் பார்த்தது. அவ்வாறு கற்றவர்கள் பிழைகளில் சிக்கி நேரத்தை இழப்பது குறைந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டுவதும் ஒருவகை மறைப்பே என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

அழையாத துணைவன்

அடுத்து வந்தது, பயன்படுத்துபவரின் மனத்தைப் பொறியே ஊகித்தறியும் முயற்சி. ஆபீஸ் 97 தொகுப்பில், கண்ணும் புருவமும் உடைய ஒரு காகிதப்பிடிப்பு திரையில் வந்து நின்றது. கடிதம் தொடங்கும் பாங்கில் ஒரு சொல்லை எழுதினால் போதும், "கடிதம் எழுதுகிறீர்களா, உதவட்டுமா" என்னும் பொருள்படக் கேட்கும். நோக்கம் நன்றே. ஆனால் நூறாவது கடிதம் எழுதுபவரிடமும் அதே கேள்வியை அதே ஆர்வத்துடன் கேட்டது. வந்த விருந்தினர் போகாமல் அமர்ந்துவிட்டால் வீட்டார் படும் பாட்டைப் பலரும் பட்டனர். 2001இல் வந்த பதிப்பில் அது இயல்பாகத் தோன்றாதவாறு நிறுத்தப்பட்டது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது.

ஆபீஸ் 2000 மற்றோர் ஊகத்தைச் செய்தது. அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகளைப் பட்டியலிலிருந்து மறைத்து, அடியில் இரட்டை அம்புக்குறி ஒன்றை மட்டும் காட்டியது. எளிமைக்காகச் செய்த இது எதிர்விளைவையே தந்தது. பயன்படுத்தாதது மறைந்தது, மறைந்ததால் பயன்படுத்தப்படவில்லை. மேலும், நேற்று மூன்றாம் வரியில் இருந்த கட்டளை இன்று ஐந்தாம் வரிக்குப் போயிருக்கும். சமையலறையில் உப்பு ஜாடியை நாள்தோறும் இடம் மாற்றி வைத்தால் கைப்பழக்கம் எவ்வாறு நிலைக்கும்?

நாடாவின் வருகை

மைக்ரோசாப்டு நிறுவனத்தார் இதன்பின் மேற்கொண்ட ஆய்வின் முடிவுகள் சிந்தனைக்குரியவை. வேர்டு 2003இல் 1500க்கும் மேற்பட்ட கட்டளைகள் இருந்தன. இசைவளித்த பயனாளர்களிடமிருந்து திரட்டிய விவரப்படி, ஒட்டு, சேமி, படியெடு, மீள், தடித்த எழுத்து ஆகிய 5 கட்டளைகளே மொத்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய 32 விழுக்காடாக இருந்தன. இதைவிட வியப்பானது வேறொன்று. புதிதாக என்ன வசதி வேண்டும் என்று கேட்டபோது, மக்கள் கேட்டவற்றுள் பல ஏற்கெனவே மென்பொருளில் இருந்தவையே. நெய் கேட்டவர்களின் கைகளில் வெண்ணெய் இருந்தது, மூடிதான் திறக்கப்படவில்லை.

இதன் விளைவாக ஆபீஸ் 2007இல் பட்டியல்களும் கருவிப்பட்டைகளும் நீக்கப்பட்டு "ரிப்பன்" என்னும் அகன்ற நாடா அமைக்கப்பட்டது. கட்டளைகள் செய்யும் வேலையின் அடிப்படையில் குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. முதன்மையானவை பெரிய சின்னத்துடன் பெயரும் தாங்கி நின்றன. அட்டவணையின் மேல் சுட்டி நின்றால் மட்டும் அட்டவணைக்குரிய கட்டளைகள் தோன்றின. எழுத்துருவின் பெயர்மேல் சுட்டியை வைத்தவுடனே பக்கத்தில் அதன் தோற்றம் முன்கூட்டித் தெரிந்தது. பொருளடக்கம் அமைக்கும் கட்டளை "மேற்கோள்கள்" என்னும் தலைப்பின்கீழ் முதற்கண் வைக்கப்பட்டது. எங்கள் பெரியவர் ஓராண்டு பொறுத்திருந்தால் ஒருவேளை அதனைத் தாமே கண்டிருப்பார்.

எனினும் ரிப்பனும் குறையற்றதன்று. பழைய பட்டியல்களைப் பல்லாண்டு மனனம் செய்திருந்தோர் ஒரே நாளில் புதியவராயினர். திரும்பிச் செல்லப் பழைய வழியும் வைக்கப்படவில்லை. இவற்றினும் மேலாக ஒரு நகைமுரண் நேர்ந்தது. சேமித்தல், அச்சிடுதல் முதலிய இன்றியமையாத கட்டளைகள் இடப்பக்க மூலையில் இருந்த ஒரு வட்டச் சின்னத்தினுள் வைக்கப்பட்டன. அது அழுத்தத்தக்க பொத்தான் என்பதே பலருக்கு விளங்கவில்லை. அழகுக்கு வைத்த முத்திரை என்றே கருதினர். மறைந்தவற்றை வெளிக்கொணரப் புறப்பட்ட திட்டம், அச்சிடும் கட்டளையை மறைத்துவிட்டது! 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விடத்தில் "ஃபைல்" என்னும் பழைய சொல்லே திரும்ப வந்தது. சின்னத்தைவிடச் சொல் தெளிவு தரும் இடங்கள் உண்டு என்பதற்கு இது சான்று.

கேட்டால் சொல்லும் பெட்டி

எல்லாவற்றையும் காட்டவும் இயலாது, ஊகிக்கவும் இயலாது என்ற நிலையில், கேட்பவருக்குச் சொல்வது என்னும் வழி வலுப்பெற்றது. 2007இல் ஆப்பிளின் லெப்பர்டு இயக்கமுறையில், உதவிப் பட்டியலின் தேடற்பெட்டியில் ஒரு சொல்லை எழுதினால், அக்கட்டளை இருக்கும் பட்டியல் தானே விரிந்து, ஓர் அம்புக்குறி அதனைச் சுட்டிக்காட்டியது. விடையோடு இருப்பிடத்தையும் காட்டியமையால் மறுமுறை தேட வேண்டிய தேவை இல்லை. இம்முயற்சிகளுள் சிறந்தது இதுவே என்பது என் கருத்து. 2012இல் உபுண்டு 12.04இலும், பின்னர் ஆபீஸ் 2016இலும், 2021இல் லிப்ரே ஆபீஸ் 7.2இலும் இத்தகைய தேடல் இடம்பெற்றது. லிப்ரே ஆபீஸில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அப்பெட்டி திறக்கும். அதனை அறிந்தவர்தாம் எத்தனை பேர்?

தேடுவதற்கும் ஒரு முன்தகுதி தேவைப்படுகிறது. பொருளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். எக்செல் கணக்கேட்டில் தலைப்புவரி நகராமல் நிற்க வேண்டும் என்று விரும்பும் எழுத்தர், அதன் பெயர் "பிரீஸ் பேன்ஸ்", அதாவது சன்னற் கண்ணாடியை உறையவைத்தல் என்று எவ்வாறு ஊகிப்பார்? இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுத் துணைகளிடம் நம் சொற்களிலேயே கேட்கலாம் என்பது பெரும் முன்னேற்றமே. ஆனால் அவை வேலையை முடித்துத் தருவதோடு நின்று, வழியைக் காட்டாது விடுமாயின், நாம் என்றும் கேட்பவராகவே இருப்போம்.

தமிழுக்கு நேர்ந்தது

இவ்வரலாற்றில் நம் மொழிக்கும் ஓர் இடம் உண்டு. 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 இயக்கமுறையிலேயே லதா என்னும் தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் இடம்பெற்றிருந்தன. 2001இல் வந்து பல்லாண்டு நம் அலுவலகங்களிலும் வீடுகளிலும் கோலோச்சிய விண்டோஸ் எக்ஸ்பியிலும் அவை இருந்தன. ஆயினும் ஆங்கிலப் பதிப்பில் தமிழ் செவ்வனே இயங்க, கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார மொழி அமைப்புகளைத் திறந்து, அங்கே ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். நிறுவல் குறுந்தகடும் தேவைப்படும். அக்கட்டத்தின் எதிரே எழுதியிருந்தது என்ன? சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் உரிய கோப்புகள், தாய்மொழி உட்பட என்பது. இங்கே தாய்மொழி என்றது தாய்லாந்து நாட்டு மொழியை! தமிழ் என்றோ இந்திய மொழிகள் என்றோ ஒரு சொல்லும் அங்கே இல்லை. அந்த வரியைப் படித்து, "இது என் மொழிக்கு உரியது" என்று எந்தத் தமிழர் உணர்ந்திருக்க முடியும்?

விளைவு நாம் அறிந்ததே. தனித்தனி எழுத்துருக்களை வாங்கியும் இரவல் பெற்றும் காலம் கழித்தோம். இங்கிருந்து அனுப்பிய கடிதம் ஊரில் திறந்தபோது புரியாத குறிகளாகத் தோன்றியது. தமிழ் எழுதக் கணிப்பொறி உதவாது என்று முடிவுசெய்து, ஆங்கில எழுத்திலேயே அம்மாவுக்கு நலம் விசாரித்தவர் பலர். 2007இல் விஸ்டா வந்தபோது அக்குறி தேவையற்றதாகி, தமிழ் தானே தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அயல் மாநிலங்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் கணிப்பொறியில் தமிழைக் காணாமலே வளர்ந்தார்கள். ஒரு கட்டத்தின் எதிரே எழுதிய வாசகம், ஒரு தலைமுறையின் மொழிப் பழக்கத்தைத் தொட்டுவிட்டது.

நிறைவாக

இவ்வரலாறு நமக்குச் சில தெளிவுகளைத் தருகிறது. ஒருவர் அறியாத ஆற்றல் அவரளவில் இல்லாத ஆற்றலே. அதனை வேலைக்கு நடுவே, வேண்டிய இடத்தில், அவருக்கு விளங்கும் சொல்லால் காட்டிய முயற்சிகள் நின்று நிலைத்தன. வேலையை மறித்து நின்றவையும், பழகிய இடத்தை மாற்றியவையும் தோற்றன.

எங்கள் பெரியவர் 2009இல் ஓய்வு பெற்றார். பிற்பாடு ஒரு பொங்கல் விழாவில் அவரைச் சந்தித்தபோது பழைய நிகழ்ச்சியை நானே நினைவூட்டி, "உதவிப் பகுதியில் தேடியிருக்கலாமே சார்?" என்றேன். அவர் சினமின்றிச் சொன்னார்: "இருக்கிறது என்று தெரிந்தால்தானே தம்பி தேடுவேன்?" ஆய்வறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த சிக்கலை அவர் ஒரே வரியில் உரைத்துவிட்டார்.

இருக்கிறது என்று சொல்லும் கடமை மென்பொருள் செய்வோருக்கு உண்டு. அவர்கள் அதனைச் செய்யும்வரை நமக்கும் உண்டு. இல்லங்களில் முதியவர்கள் கணிப்பொறியின் முன் தடுமாறும்போது, பிள்ளைகள் விசைப்பலகையைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டு தாமே முடித்துவிடுகின்றனர். அவ்வாறு செய்யாமல், "இதோ, இங்கே இருக்கிறது தாத்தா" என்று இடத்தைக் காட்டி, அவர் கையாலேயே சொடுக்கச் செய்தல் வேண்டும். அன்று எங்கள் அலுவலகத்தில் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக ஒருவராவது முன்னமே அவரருகில் அமர்ந்து காட்டியிருந்தால், மூன்று இரவுகளும் ஒரு மனிதரின் தன்னம்பிக்கையும் காக்கப்பட்டிருக்கும்.